ஜிபிஎஸ் இருக்கே, இறங்கிட்டா என்ன?

ஹெலிகாப்டர் பைலட்கள் சிலரிடம் ஒரு பழக்கம் உண்டு. போக வேண்டியது ஒரு பண்ணை வீடு. கீழே மேகம் மூடிக் கிடக்கிறது. அந்த இடத்தை ஜிபிஎஸ்ஸில் புள்ளியாகக் குறித்து, "இங்கே 1000 அடி, அங்கே 500 அடி" என்று தாங்களே கணக்குப் போட்டு மேகத்துக்குள் இறங்குவார்கள். பல நாள் தரை தெரிந்துவிடும். அதனால்தான் இது பழக்கமாகிறது.

ஜிபிஎஸ் துல்லியமானதுதானே, இதில் என்ன தப்பு? மூன்று விஷயங்களைப் பார்ப்போம்.

முதலாவது, முள். பாதையிலிருந்து விலகுவதைக் காட்டும் முள் எல்லா நேரமும் ஒரே அளவுகோலில் இயங்காது. சாதாரணப் பயணத்தில் முள் ஓரத்துக்குப் போனால் 2 கடல் மைல் விலகல் (பழைய கருவிகளில் 5). அங்கீகரிக்கப்பட்ட இறங்குமுறையைக் கருவியில் ஏற்றியிருந்தால்தான் அது 0.3 மைலுக்குச் சுருங்கும். சிக்னல் கெட்டால் எச்சரிக்கும் எல்லையும் அப்படியே. நாமே குறித்த புள்ளி என்றால், அரை மைல் பிழைக்குக் கருவி வாய் திறக்க வேண்டிய கட்டாயமே இல்லை!

இரண்டாவது, உயரம். காற்றழுத்தத்தை 10 ஹெக்டோபாஸ்கல் தப்பாக வைத்தால் கிட்டத்தட்ட 300 அடி பிசகும். பண்ணை வீட்டில் சரியான அழுத்தம் சொல்ல யார் இருக்கிறார்கள்?

மூன்றாவது, தடைகள். முறைப்படி வடிவமைத்த பாதையில் குன்று, கோபுரம், மரம் எல்லாம் அளந்து, கடைசிக் கட்டத்தில்கூட சுமார் 250 அடி இடைவெளி விட்டிருப்பார்கள். தரை தெரியாவிட்டால் எந்தப் பக்கம் ஏறித் தப்பிப்பது என்பதும் அதில் இருக்கும்.

அளக்காத பாதை என்ன செய்யும் என்பதற்கு அயர்லாந்து உதாரணம். 2017 மார்ச் 14 நள்ளிரவு தாண்டி, கடலோரக் காவல் மீட்பு ஹெலிகாப்டர் ஒன்று எரிபொருள் நிரப்ப பிளாக்சாட் நோக்கி 200 அடியில் வந்தது. பாதை நிறுவனத்தின் சொந்தக் கையேட்டில் இருந்தது.  ஆனால் அதன் தொடக்கப் புள்ளியிலேயே 282 அடி உயர பிளாக்ராக் தீவு. தரை எச்சரிக்கைக் கருவியின் தரவுத்தளத்தில் அந்தத் தீவே கிடையாது. நான்கு பேரும் இறந்தார்கள்.

நிறுவனம் போட்ட பாதைக்கே இந்தக் கதி என்றால், காக்பிட்டில் ஐந்து நிமிடத்தில் போட்ட பாதையை யார் சோதித்தது?

மாற்று வழி இல்லாமல் இல்லை. வானில் ஒரு புள்ளி வரை கருவி வழியே இறங்கி, அங்கே தரை தெரிந்தால் மட்டும் தொடரும் அங்கீகரிக்கப்பட்ட முறைகள் ஹெலிகாப்டருக்கென்றே வந்துவிட்டன. சுவிட்சர்லாந்தில் மருத்துவமனைத் தளங்களுக்கே இப்படி இறங்குகிறார்கள். அதே செயற்கைக்கோள்கள்தான், யாரோ உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள், அவ்ளோதான் வித்தியாசம்.