எடை குறையும், மாத்திரை குறையாது

விருத்தாசலம் மாதிரி ஊர்களில் எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு ஒரு பொதுச் சங்கடம் உண்டு. ஆபரேஷன் சென்னையிலோ கோவையிலோ பாண்டியிலோ முடிந்திருக்கும். அதற்குப் பிறகான முப்பது நாற்பது வருட வாழ்க்கை இங்கேதான். வயிற்றைச் சுருக்கிய டாக்டர் அங்கே, தலை சுற்றுகிறது என்று போய் நிற்கும் டாக்டர் இங்கே. சத்துக் குறைபாடு இந்த இடைவெளியில்தான் வளர்கிறது.

செராமிக் தொழிற்பேட்டையில் பியூஸ் கேரியர் செய்யும் யூனிட்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் டீ குடித்துக்கொண்டே கேட்டார்: "நூத்தி இருபது கிலோ இருந்தேண்ணே, இப்ப எண்பத்தஞ்சு. சுகர் மாத்திரையக்கூட நிறுத்திட்டாங்க. நல்லாத்தான் இருக்கேன். அப்புறம் எதுக்கு இத்தன வைட்டமின் மாத்திரை?" நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம்.

இந்த ஆபரேஷனில் நம் பக்கம் அதிகம் பேசப்படுபவை இரண்டு. ஒன்று ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். ஆரம்பத்தில் அதன் கொள்ளளவு ஏறக்குறைய ஒரு டீ கிளாஸ். இன்னொன்று பைபாஸ். இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைத்துவிடுவார்கள். ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே போய்விடும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பயணிகள் சீக்கிரம் போய்ச் சேருவார்கள், ஆனால் பஸ் ஸ்டாண்டு கடைகளில் வியாபாரம் நடக்காது. இரும்புச்சத்தையும் கால்சியத்தையும் அதிகம் வாங்கிக்கொள்ளும் கடைகள் சிறுகுடலின் தொடக்கத்தில்தான் இருக்கின்றன. சாப்பாடு அந்தப் பக்கமே போவதில்லை.

ஸ்லீவில் பாதை மாறவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் வெட்டி எடுத்த பகுதியில்தான் அமிலம் சுரக்கும் செல்கள் நிறைய இருந்தன. பி12 உடம்பில் சேர்வதற்குத் துணைபோகும் ஒரு புரதத்தையும் அதே செல்கள்தான் சுரக்கின்றன. அமிலம் குறைந்தால் இரும்பு கரைவது குறையும், அந்தப் புரதம் குறைந்தால் பி12 சேராது. போதாததற்கு, சாப்பாட்டின் அளவே சுருங்கிவிட்டது. எடை குறைந்ததால் உடம்பின் சத்துத் தேவை அதே கணக்கில் குறைந்துவிடுவதில்லை.

சரி, தம்பி நன்றாகத்தானே இருக்கிறார்? இங்கேதான் கவனிக்க வேண்டியது இருக்கிறது. எல்லாச் சத்தும் ஒரே நேரத்தில் தீர்வதில்லை. சில வாரங்களில் தீருவது உண்டு, மாதங்களில் தீருவது உண்டு, வருடங்கள் கழித்துத் தெரிவதும் உண்டு. இன்றைக்கு நன்றாக இருப்பது நாளைக்கு உத்தரவாதம் ஆகாது.

வாரங்களில் தீருவது தயமின், அதாவது பி1. உடம்பில் இதன் கையிருப்பு மிகக் கொஞ்சம், இரண்டு மூன்று வாரம் தாங்கினால் அதிகம். ஆபரேஷன் முடிந்த முதல் மாதங்களில் சிலருக்குத் தொடர்ந்து வாந்தி வரும். 'ஆபரேஷன்னா அப்படித்தான்' என்று வீட்டில் பொறுத்துக்கொண்டால், மூளையே பாதிக்கப்படலாம். பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். 1881-இல் ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்ததால் இந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. வாந்தியோடு ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் குளுக்கோஸ் பாட்டில்தான் ஏறும். தயமின் இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகலாம். அதனால் ஊசி குத்துவதற்கு முன்பே சொல்ல வேண்டிய வாக்கியம் இது: "எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆகியிருக்கு, இத்தனை நாளா வாந்தி, பி1 போட்டுட்டு குளுக்கோஸ் போடுங்க." நோயாளியால் பேச முடியாவிட்டால் கூட இருப்பவர் சொல்ல வேண்டும்.

தயமின் விஷயம் நமக்குப் புதிதும் இல்லை. தீட்டிய பச்சரிசியே கதி என்றிருந்த பகுதிகளில் பெரிபெரி நோய் பரவியது இதன் குறைபாட்டால்தான். அதை ஆராய 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே அறையில் ஆய்வைத் தொடங்கினார் ராபர்ட் மக்காரிசன். 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருப்பது அந்த ஒற்றை அறையின் வளர்ச்சிதான். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடும். புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களுக்கு அது காப்பாக இருந்தது. ஆனால் நாலு வாய் சோறுதான் இறங்கும் என்கிற வயிற்றுக்குப் புழுங்கல் அரிசி மட்டும் போதாது.

மாதங்களில் தெரிவது இரும்பு. பேசிக்கொண்டிருக்கும்போதே தம்பி சட்டைப் பையிலிருந்து சிவப்பு மாத்திரை ஒன்றைப் பிதுக்கி எடுத்து, வாயில் போட்டு, டீயை ஒரு மடக்கு குடித்து விழுங்கினார். தினமும் இப்படித்தானாம். டீயில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடல் அதை உறிஞ்ச விடாது. இரும்பு மாத்திரையை விழுங்கியும் ரத்தசோகை தீராதவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எதைக் குடித்து விழுங்குகிறோம் என்பதைத்தான். தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ போதும், வைட்டமின் சி இரும்பு சேர உதவும். டீ, காபி எல்லாம் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி. கால்சியம் மாத்திரையும் இரும்பும் ஒன்றுக்கொன்று ஆகாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டியதில்லை. மாத்திரை எடுக்காமலே தார் மாதிரி கறுப்பாகப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள், உடனே டாக்டரிடம் போக வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், புரூபன் வகை மாத்திரைகள் இந்தக் கசிவுக்கு ஒரு காரணம். பைபாஸ் ஆனவர்கள் அவற்றைத் தொடவே கூடாது.

முடி கொட்டுவதும் மாதக் கணக்கில் வருவதுதான். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் கொட்டுவது பெரும்பாலும் எடை வேகமாகக் குறைவதால், தானாக முளைத்துவிடும். அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் புரதம், இரும்பு, துத்தநாகம் மூன்றையும் பார்க்க வேண்டும். புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. ஆகவே தட்டில் முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர் முதலில், இட்லியும் சோறும் கடைசியில்.

வருடங்கள் கழித்துத் தெரிவது பி12. கல்லீரலில் இதன் சேமிப்பு இரண்டு மூன்று வருடத்துக்குக்கூட வரும். அதனால்தான் எல்லாம் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திய பிறகு, காரணமே தெரியாத மாதிரி பாதம் மரத்துப்போகும், இருட்டில் நடந்தால் தடுமாறும், ஞாபகம் மங்கும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள், சுகருக்கு மெட்பார்மின் சாப்பிட்டவர்கள், வருடக்கணக்கில் கேஸ் மாத்திரை விழுங்குபவர்கள் ஏற்கெனவே கையிருப்பு குறைந்தவர்கள். ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் ரத்தசோகை சரியானது போலத் தெரியும், உள்ளே நரம்புச் சேதம் தொடரும். மாதம் ஒரு 1000 மைக்ரோகிராம் ஊசி அல்லது தினசரி மாத்திரை, இரண்டில் ஒன்று ஆயுள் முழுக்க.

எலும்பின் கணக்கு இதைவிட நீளம். கால்சியம் போதாதபோது பாராதைராய்டு ஹார்மோன் ஏறி, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் போடும். ரத்தத்தில் கால்சியம் மட்டும் பார்த்தால் ரிப்போர்ட் 'நார்மல்' என்றே வரும். எலும்பு கரைவது அதில் தெரியாது. வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். "நம்ம ஊரு வெயிலுக்கு வைட்டமின் டி குறையுமாண்ணே?" என்றார் தம்பி. குறையும். ஷிப்டு முழுவதும் ஷெட்டுக்குள் இருப்பவர் மேல் வெயில் எங்கே படுகிறது? சூளையின் அனலில் வைட்டமின் டி கிடைக்காது. உடல் பருத்தவர்களுக்கு அது கொழுப்பிலேயே தங்கிவிடுவதால் ரத்தத்தில் ஆரம்பத்திலிருந்தே குறைவு. கால்சியத்தில் சிட்ரேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். கார்பனேட் வகைக்கு அமிலம் வேண்டும், அது இப்போது போதுமான அளவு இல்லை. 60,000 யூனிட் டி பாக்கெட்டை டாக்டர் சொன்ன வாரங்களோடு நிறுத்த வேண்டும், டி உடம்பில் தேங்கி நச்சாகவும் மாறும்.

பொதுவான அளவு தெரிந்திருப்பது நல்லது. எடைக் குறைப்பு ஆபரேஷன் டாக்டர்களின் அமெரிக்கச் சங்கம் 2016-இல் புதுப்பித்த வழிகாட்டுதல்படி, ஒரு நாளைக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து கால்சியம் 1200 முதல் 1500 மில்லிகிராம், மாத்திரையாக வைட்டமின் டி 3000 யூனிட், தயமின் குறைந்தது 12 மில்லிகிராம். இரும்பு, மாதவிலக்கு உள்ள பெண்களுக்கும் ஸ்லீவோ பைபாஸோ ஆனவர்களுக்கும் 45 முதல் 60 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் சாதாரண பி-காம்ப்ளக்ஸ் காப்ஸ்யூல் இதை ஈடுகட்டாது. அவரவர் ரத்தத்தைப் பார்த்து டாக்டர் கூட்டுவார், குறைப்பார்.

முடி கொட்டுகிறதே என்று துத்தநாகத்தைத் தனியாக நீண்ட நாள் விழுங்கினால் தாமிரம் குறையும், அதுவும் பி12 குறைவு மாதிரியே காலைத் தள்ளாட வைக்கும். நம் பக்கத்து முந்திரியில் தாமிரம் நிறைய உண்டு, கலோரியும் அதே அளவுக்கு உண்டு. நாலைந்து பருப்போடு நிறுத்த வேண்டும்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எடை குறைந்ததும் கரு தரிப்பது எளிதாகும். ஆனால் முதல் 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடுவதே நல்லது, குழந்தைக்குப் போக வேண்டிய சத்தே அப்போது இருக்காது. பைபாஸ் ஆனவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. கர்ப்பகாலத்தில் குளுக்கோஸ் குடிக்க வைத்துச் செய்யும் சுகர் டெஸ்டுக்கு முன்பும் ஆபரேஷன் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

ரத்தப் பரிசோதனை முதல் வருடத்தில் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில், பிறகு வருடம் ஒரு முறை. ஹீமோகுளோபின், பெரிட்டின், பி12, ஃபோலேட், டி, பாராதைராய்டு ஹார்மோன் இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். எந்த வகை ஆபரேஷன், எந்தத் தேதி, எந்த ஆஸ்பத்திரி என்று டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எந்த டாக்டரிடம் போனாலும், காய்ச்சல் என்றாலும்கூட, முதலில் அதைக் காட்டிவிட்டு அப்புறம் பேச்சை ஆரம்பியுங்கள்.