அலை ஏன் ஆடுகிறது?

நீங்கள் வள்ளூரில் ஒரு மேசை முன் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வள்ளூர் ஏன் என்பது பின்னால் தெரியும். 741 ஐ.சி. ஒன்று, 16 கிலோ ஓம் மின்தடை இரண்டு, 0.01 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி இரண்டு. இவற்றைக் கொண்டு வீன் சுற்று முறையில் ஓர் அலையியற்றி செய்திருக்கிறீர்கள். கணக்குப்படி வினாடிக்கு ஏறத்தாழ 1000 அலைகள் வரவேண்டும். ஆசிலாஸ்கோப்பை இணைக்கிறீர்கள்.

திரையில் வெறும் நேர்கோடு! இச்சுற்றில் பெருக்கம் 3-க்குச் சற்றுக் குறைந்தாலும் அலை நிலைக்காது. மிகுந்தாலோ, அலையின் உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிடும். பின்னூட்டத்தில் ஒரு பிரிசெட் வைத்து மெல்லத் திருப்புங்கள். 1939-இல் வில்லியம் ஹியூலட் இதற்குச் சிறிய இழை விளக்கு ஒன்றைப் பயன்படுத்தினார். அலை பெரிதானால் இழை சூடாகும். அதன் மின்தடை கூடும். பெருக்கம் தானே இறங்கும். எவ்வளவு எளிய தந்திரம்!

இனித்தான் உண்மையான தொல்லை. அலை வந்துவிட்டது, ஆனால் முழு அலையும் படகுபோல் மேலும் கீழும் ஆடுகிறது. உடனே ஐ.சி.யைப் பிடுங்கி வேறொன்றைச் செருகுவோர் பலர். அது காசுக்குக் கேடு. முதலில் டிரிக்கர் குமிழை 'லைன்' நிலையில் வையுங்கள். ஆட்டம் திரையில் அசையாமல் நின்றால், அது வீட்டு மின்சாரத்திலிருந்து வருவதே.

அடுத்து, ஒரு கட்டத்துக்கு 5 மில்லி வினாடி என்று அமைத்துக் கட்டங்களை எண்ணுங்கள். இரண்டு கட்டத்துக்கு ஒருமுறை ஆடினால் 10 மில்லி வினாடி, அதாவது 100 ஹெர்ட்ஸ். முழு அலைத் திருத்தி 50 ஹெர்ட்ஸின் இரு பாதிகளையும் ஒரே பக்கம் திருப்புவதால் வருவது இது. மின்வழங்கியின் வடிகட்டி மின்தேக்கி வறண்டிருக்கலாம், அல்லது அதன் பற்றவைப்பு விட்டிருக்கலாம். 741 மின்வழங்கியின் சிற்றலையைப் பெரிதும் தடுக்கும். ஆனால் ஒரே மின்வழங்கியை இரு மின்தடைகளால் பாதியாக்கியிருந்தால், அந்த நடுப்புள்ளி வழியே சிற்றலை உள்ளே நுழைந்துவிடும். அங்கும் ஒரு மின்தேக்கி வேண்டும்.

நான்கு கட்டத்துக்கு ஒருமுறை என்றால் 50 ஹெர்ட்ஸ். மின்வழங்கியையே திரையில் பாருங்கள். அங்கும் ஆட்டம் இருந்தால் திருத்தியில் ஒரு டையோடு வேலை செய்யவில்லை. அங்கே சுத்தமாக இருந்தால் குற்றவாளி உங்கள் நீண்ட கம்பிகள்தாம். அவற்றைக் குறுக்கி, மின்மாற்றியிலிருந்து தள்ளி வைத்து, சுற்றை உலோகப் பெட்டியில் அடைத்துப் புவி இணைப்புக் கொடுங்கள்.

இப்போது வள்ளூருக்கு வருவோம். அங்குள்ள அனல் மின் நிலையத்தில் 500 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று, நிமிடத்துக்கு 3000 சுற்று வீதம் சுழல்கின்றன. வினாடிக்கு 50 சுற்று! 2013 டிசம்பர் 31-இல் தென்னகக் கட்டமைப்பும் நாட்டின் ஏனைய கட்டமைப்புடன் இணைந்தது முதல், தொலைவிலுள்ள இயந்திரங்களும் இவற்றோடு ஒரே தாளத்தில் ஓடுகின்றன. உங்கள் திரையில் எழுந்த ஒரு மேடு, அந்தத் தண்டின் ஒரு சுற்று.

ஓர் எச்சரிக்கை. ஆசிலாஸ்கோப்பின் புவிக் கிளிப், பிளக் வழியே நிலத்தோடு இணைந்தது. அதை ஒருபோதும் வீட்டு மின்கம்பியில் மாட்டாதீர்கள். மின்மாற்றியின் தாழ்மின்னழுத்தப் பக்கத்தில் மட்டுமே உங்கள் ஆராய்ச்சி.

எல்லாம் சரியான பிறகும் அலை அவ்வப்போது துள்ளினால், பென்சிலின் மரமுனையால் பலகையை மெல்லத் தட்டிப் பாருங்கள். எண்ணூர்க் கடற்காற்றில் ஐ.சி. சாக்கெட்டின் கால்கள் களிம்பேறுவது உண்டு.