கேமராவுக்கு இடமில்லாத நடன அரங்கம்

பெர்லினில் உள்ள பெர்கைன் கிளப்பின் வாசலைத் தாண்டுவதே பெரும்பாடு. மணிக்கணக்கில் வரிசையில் நின்றவரைக் காவலர் ஒரு தலையசைப்பில் திருப்பி அனுப்பிவிடுவார். உள்ளே விட்டுவிட்டால் அடுத்த சடங்கு உண்டு. கைப்பேசியின் கேமராக் கண் மீது சின்ன ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். அதைப் பிய்த்துப் படம் எடுத்தால் நேரே வெளியேற வேண்டியதுதான். பழைய மின்நிலையம் ஒன்றில் 2004 இறுதியில் தொடங்கிய இந்த இடத்தைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதித் தள்ளியிருக்கின்றன. உள்ளே நடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் வரிசையில் நின்றாக வேண்டும்.

இப்படி ஒளிந்தே வாழும் ஓர் இசை உலகத்தைப் பற்றி ஆவணப்படம் எடுத்தால் என்ன ஆகும்? ஜெர்மனியில் முப்பது ஆண்டுகளாக எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். டெக்னோ என்ற அந்த மின்னணு இசையைப் பற்றி ஒரு படமோ தொடரோ வந்தால் போதும், ரசிகர்கள் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிடுவார்கள். எந்த ஊருக்கு எத்தனை நிமிடம், யார் பேசுகிறார், யாரை விட்டுவிட்டார்கள், காட்டப்படும் ஆண்டில் அந்தப் பாட்டு வந்திருந்ததா? சினிமா விமர்சகருக்கு இதெல்லாம் சில்லறை விவரம். அந்த இரவுகளில் ஆடியவர்களுக்கோ அதுதான் விஷயமே.

இந்தப் பிணக்குக்கு இங்கிலாந்தில் ஒரு மூத்த கதை உண்டு. அங்கே வட பகுதியின் தொழிற்சாலை நகரங்களில் 1970களில் பரவியது 'நார்தர்ன் சோல்'. 1960களில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் சிறு நிறுவனங்களில் பதிவுசெய்து, விற்காமல் போன வேகமான பாடல்களை அந்த நகரங்களின் இளைஞர்கள் தேடிப்பிடித்து ஆடினார்கள். லண்டனில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த டேவ் காடின்தான் 1970இல் அந்தப் பெயரை அச்சில் ஏற்றினார். விகன் நகரின் 'கசினோ' அரங்கில் 1973 செப்டம்பர் முதல் நள்ளிரவு தாண்டித் தொடங்கி விடியும்வரை நடனம் நடந்தது. மது கிடையாது. வியர்வையில் நனையும் என்று மாற்றுச் சட்டையைப் பையில் கொண்டு வருவார்கள். கிடைப்பதற்கரிய தட்டு ஒன்று கையில் சிக்கினால் டிஜே அதன் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிப் பொய்ப் பெயர் எழுதிவிடுவார், போட்டியாளர் தேடிப் பிடித்துவிடக் கூடாதே!

ரகசியமே மூலதனமாக இருந்த அந்த இடத்துக்குள் 1977இல் தொலைக்காட்சிக் கேமரா நுழைந்தது. கிரானடா தொலைக்காட்சிக்காக டோனி பால்மர் இயக்கிய அரை மணி நேரப் படம் அது. ஆலைகளின் காட்சிகளையும், சுழன்று விழுந்து எழும் இளைஞர்களின் ஆட்டத்தையும் மாறி மாறிக் காட்டியது. பழைய ரசிகர்கள் பலருக்கு அது கசந்தது. இருட்டில் ஆடிய இடத்தில் விளக்கைப் போட்டுவிட்டார்கள், இனி வேடிக்கை பார்க்கிற கூட்டம் வரும் என்று முணுமுணுத்தார்கள். கசினோ 1981 டிசம்பரில் மூடப்பட்டது. அன்று அவ்வளவு குறை சொல்லப்பட்ட அதே காட்சிகள்தான் இன்று அந்த இரவுகளுக்கு மிஞ்சியிருக்கும் முதன்மையான சாட்சி. பின்னால் வந்த ஆவணப்படக்காரர்கள் எல்லோரும் அந்தக் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது.

விகனிலிருந்து பெர்லினுக்கு வரும் வழி அமெரிக்காவின் டெட்ராய்ட் வழியாகப் போகிறது. நார்தர்ன் சோல் ரசிகர்கள் கொண்டாடிய தட்டுகளில் கணிசமானவை அந்தக் கார் நகரத்தில் உருவானவை. அந்த வட்டத்தில் டிஜேயாகவும் சேகரிப்பாளராகவும் இருந்த நீல் ரஷ்டன், 1980களின் பிற்பகுதியில் அதே நகரத்திலிருந்து வந்த புது மின்னணு இசையைக் கவனித்தார். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் முதலானோரின் பாடல்களைத் தொகுத்து 1988இல் வெர்ஜின் நிறுவனத்தின் துணை லேபிளில் ஒரு தட்டாகக் கொண்டுவந்தார். அதன் தலைப்பில்தான் 'டெக்னோ' என்ற சொல் ஐரோப்பா முழுவதும் கேட்கும்படி ஒலித்தது. பழைய தட்டுப் பைத்தியம் ஒன்று புதிய இசைக்கு வாசல் திறந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அடுத்த ஆண்டு நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. கிழக்குப் பகுதியில் உரிமையாளர் யாரென்றே தெரியாத கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. 1991 மார்ச்சில் டிமிட்ரி ஹேகமானும் நண்பர்களும் லைப்சிகர் தெருவில், இடிந்துபோன வெர்ட்ஹைம் பேரங்காடியின் பணப் பெட்டக அறையில் 'ட்ரேசார்' கிளப்பைத் திறந்தார்கள். துருப்பிடித்த பாதுகாப்புப் பெட்டிகளுக்கு நடுவே கிழக்கு, மேற்கு இளைஞர்கள் சேர்ந்து ஆடினார்கள். அதே ஆண்டு கிளப்பின் பெயரிலேயே லேபிளும் தொடங்கியது. அதன் முதல் வெளியீடு டெட்ராய்ட்டின் 'அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' குழுவினருடையது.

அந்தத் தொடக்க ஆண்டுகளில் கேமராவோடு அலைந்தவர்கள் அபூர்வம். தொலைக்காட்சி வந்தபோது அது கிளப்புக்குள் வரவில்லை, தெருவுக்கு வந்தது. டிஜே டாக்டர் மோட்டே 1989 ஜூலை 1 அன்று பெர்லினின் குர்ஃப்யூர்ஸ்டென்டாம் சாலையில் நடத்திய முதல் 'லவ் பரேட்' ஊர்வலத்தில் சுமார் 150 பேர் இருந்தார்கள். பத்தே ஆண்டில் அது 15 லட்சம் பேர் என்று ஏற்பாட்டாளர்கள் சொல்லும் அளவுக்குப் பெருத்தது. தனியார் சேனல்கள் நேரலையில் காட்டின. சாயம் பூசிய முடி, மயிர்த்தோல் பூட்ஸ், விசில் சத்தம் இவைதான் டெக்னோ என்று ஜெர்மானியக் குடும்பங்கள் சோபாவில் அமர்ந்து தெரிந்துகொண்டன.

அதற்கு ரசிகர்கள் காட்டிய எதிர்ப்பு ஆவணப்பட விமர்சனங்களைவிடச் சூடானது. பெர்லினின் 'பங்கர்' என்ற கிளப், ஒரு நாஜிக் காலப் பதுங்குகுழிக் கட்டடத்தில் இயங்கிவந்தது. 1996 முடிவில் அது மூடப்பட்டது. முரட்டு வேக இசையை நேசித்த அதன் வாடிக்கையாளர்களும் அவர்களது நண்பர்களும் 1997இல் லவ் பரேடுக்கு எதிராகத் தனி ஊர்வலம் கிளம்பினார்கள். முதலில் அதன் பெயர் 'ஹேட் பரேட்'. பிறகு சூட்டிய பெயர் அதைவிடக் காரம், நாளிதழில் அச்சிடத் தயங்கும் ரகம். விளம்பரதாரர்களும் சேனல்களும் தங்கள் இசையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது அவர்கள் வழக்கு. லவ் பரேட் ஓர் அரசியல் ஆர்ப்பாட்டம் அல்ல என்று 2001இல் நீதிமன்றமும் கூறிவிட்டது. 2010இல் டூயிஸ்பர்க் நகரில் நடந்த ஊர்வலத்தின் நெரிசலில் 21 பேர் இறந்ததோடு அந்தத் திருவிழா முடிந்தது.

அந்த முடிவுக்குச் சில ஆண்டுகள் முன்பே திரும்பிப் பார்க்கும் படங்கள் வரிசைகட்டின. மாயா கிளாசனின் 'ஃபையர்ன்' (2006) இரவுப் பறவைகளை உட்காரவைத்துப் பேசவிட்டது. டில்மன் க்யுன்ட்ஸலின் 'சப்பெர்லின்' (2008) ட்ரேசாரின் கதையைச் சொன்னது. அதே ஆண்டில் மாரன் செக்ஸ்ட்ரோவும் ஹோல்கர் விக்கும் கொண்டுவந்த 'வி கால் இட் டெக்னோ' இவற்றில் முக்கியமானது. ஆரம்ப நாட்களின் மங்கலான வீடியோக்களைத் தேடியெடுத்து, அப்போது இருந்தவர்களையே சாட்சி சொல்லவைத்தது. பெர்லினோடு நில்லாமல் பிராங்பர்ட்டுக்கும் அதில் இடம் கிடைத்தது.

அந்தக் கடைசி விவரத்தின் கனம் புரிய பிராங்பர்ட்காரர்களின் மனத்தாங்கலைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுவர் விழும் முன்பே தங்கள் ஊரில் எல்லாம் தொடங்கிவிட்டது என்பார்கள் அவர்கள். விமான நிலையத்துக்குள்ளேயே 1978 முதல் 'டோரியன் கிரே' என்ற கிளப் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்த டல்லா 2எக்ஸ்எல்சி, மின்னணு இசைத் தட்டுகளைத் தனி அடுக்கில் வைத்து 'டெக்னோ' என்று எழுதி ஒட்டினார். 1984இல் 'டெக்னோகிளப்' என்ற நிகழ்ச்சியையும் தொடங்கினார். ஸ்வென் வேட்டின் 'ஓமன்' 1988இல் திறந்தது. ஆனால் சுவர், இடிபாடு, பெட்டக அறை என்று பெர்லினிடம் இருக்கும் காட்சிகள் விமான நிலையத்திடம் இல்லை. படமெடுப்பவருக்குக் கதைதானே வேண்டும்? சுவரிலிருந்து தொடங்கும் படங்கள் பெருகிக்கொண்டே போயின. 2022 ஏப்ரலில் பிராங்பர்ட் நகர மையத்தில் மின்னணு இசைக்கென 'மோமெம்' அருங்காட்சியகம் திறந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

அருங்காட்சியகம் திறந்ததும் இன்னொரு பழைய பாக்கி மேலே வந்தது. இந்த வகையில் இதுவே உலகில் முதல் என்ற பேச்சு எழ, டெட்ராய்ட்டின் பக்கம் நின்றவர்கள் உடனே மறுத்தார்கள். அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவினர் தங்கள் ஊரில் 'எக்சிபிட் 3000' என்ற டெக்னோ காட்சியகத்தை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நடத்திவந்தார்கள். கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய இசை, வெள்ளையர் நகரம் ஒன்றின் விடுதலைக் கதையாக மாறிவிட்டது என்பது இந்த வாதத்தின் சாரம். இதில் நியாயம் நிறைய இருக்கிறது. இத்தனைக்கும் பிரெஞ்சு–ஜெர்மன் சேனலான ஆர்ட்டே 1996இலேயே 'யுனிவர்சல் டெக்னோ' படத்துக்காக டெட்ராய்ட் போய், கார் நிறுத்துமிடமாகிவிட்ட பழைய மிச்சிகன் தியேட்டரின் சிதைந்த கூரையைக் காட்டியிருந்தது. பின்னால் வந்த படங்கள் பலவற்றில் அந்த நகரம் ஒரு முன்னுரையாகச் சுருங்கிவிட்டது. இழவு வீட்டில் விடிய விடியப் பாடிய கானாவைக் கேட்டு வளர்ந்து, 1990களில் அதைத் தேவாவின் திரைப்பாடல்களில் கேட்ட வடசென்னைக்காரருக்கு இந்த மனக்குறையை விளக்கத் தேவையில்லை.

2015இல் பெர்லினாலே திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட 'பி-மூவி' வேறு தந்திரத்தைக் கையாண்டது. 1978இல் மான்செஸ்டரிலிருந்து பெர்லினுக்குக் குடியேறிய மார்க் ரீடர், சுவர் இருந்த கடைசிப் பத்தாண்டுகளை நமக்குச் சொல்லிக்கொண்டே போகிறார். படம் முதல் லவ் பரேடில் வந்து நிற்கிறது. அரிய பழைய காட்சிகள் குவிந்துகிடக்கின்றன. இடைவெளிகளை நிரப்ப இளம் ரீடராக ஒரு நடிகரை வைத்துப் புதிதாக எடுத்த காட்சிகளும் உண்டு, அவையும் பழைய படச்சுருள் போலவே தோன்றும். ரசித்துப் பார்க்கலாம், ஆனால் ஆவணம் என்று நம்பிப் பார்ப்பவருக்கு எது அன்று எடுத்தது, எது நேற்று எடுத்தது என்ற ஐயம் உறுத்திக்கொண்டே இருக்கும்.

தொலைக்காட்சிக் கேமரா தங்குதடையின்றிக் கிளப்புகளுக்குள் நுழைந்த ஒரு காலமும் வந்தது, 2020 மார்ச்சில். கொரோனாவால் பெர்லின் கிளப்புகள் மூடியதும் கிளப் உரிமையாளர் சங்கமும் ஆர்ட்டேயும் வானொலி–தொலைக்காட்சி நிறுவனமான ஆர்பிபியும் சேர்ந்து 'யுனைட்டட் வி ஸ்ட்ரீம்' என்ற நேரலையைத் தொடங்கின. முதல் ஒளிபரப்பு ஆற்றங்கரையில் இருந்த வாட்டர்கேட் கிளப்பிலிருந்து வந்தது. டிஜே உண்டு, விளக்கு உண்டு, ஆடுவோர் மட்டும் இல்லை. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் பார்த்தார்கள், நன்கொடையும் கொடுத்தார்கள். யாரும் முகம் காட்ட வேண்டியதில்லை என்பதால் அங்கே ஸ்டிக்கருக்கும் வேலை இல்லை.

கேமரா மீது ஏன் இவ்வளவு வெறுப்பு? பெர்லின் இரவுகளின் வேர் தன்பாலின ஈர்ப்பாளர்களின் கிளப்புகளில் ஆழமாக ஓடுகிறது. பெர்கைனுக்கு முன்னோடியான 'ஓஸ்ட்குட்' அப்படிப்பட்ட இடம்தான். அங்கே ஆடியவருடைய முகம் மறுநாள் அலுவலக மேசையில் இருப்பவர் கண்ணில் படுவது வெறும் வெட்கச் சமாச்சாரம் அல்ல. படம் பிடிப்பவர் ஒருவர் நின்றாலே ஆடுகிறவர் நடிக்கத் தொடங்கிவிடுவார் என்பது இன்னொரு காரணம். மலிவு விமானத்தில் வார இறுதிக்கு வந்து போகும் கூட்டத்தைப் பற்றி டோபியாஸ் ராப் 2009இல் ஒரு புத்தகமே எழுதினார். படம் பார்த்துவிட்டு வருகிறவர்களால் வரிசை நீள்கிறது, வாடகை ஏறுகிறது என்ற புகார் அதற்குப் பிறகும் ஓயவில்லை. வாட்டர்கேட்டே 2024 முடிவில் கதவைச் சாத்திவிட்டது.

அரசு மட்டும் எதிர்த்திசையில் நடக்கிறது. பெர்கைனின் நிகழ்ச்சிகளைக் கச்சேரிக்கு நிகராகக் கருதிக் குறைந்த வரி விதிக்கலாம் என்று 2016இல் நிதி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் பெர்லினின் டெக்னோ பண்பாடு ஜெர்மனியின் தேசிய மரபுப் பட்டியலில் சேர்ந்தது. யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் ஏறிவிட்டதாகப் பலர் எழுதினார்கள், அது தவறு. யுனெஸ்கோ உடன்படிக்கையின்படி நாடு தனக்குள் வைத்துக்கொள்ளும் பட்டியல் இது. அந்த உடன்படிக்கை, மரபைப் பாதுகாக்கும் வழிகளில் ஒன்றாக ஆவணப்படுத்துவதையும் குறிப்பிடுகிறது. அதைக் கேமரா இல்லாமல் எப்படிச் செய்வது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

இரண்டு இயக்குநர்கள் இந்த முட்டுக்கட்டையை அழகாகச் சுற்றிப் போயிருக்கிறார்கள். உள்ளே விடாவிட்டால் வாசலைப் படமெடுக்கலாமே என்று டேவிட் டீட்டல் 'பெர்லின் பவுன்சர்' (2019) எடுத்தார். பெர்கைன் வாயிற்காப்போனும் புகைப்படக் கலைஞருமான ஸ்வென் மார்க்வர்ட் உட்பட மூன்று காவலர்களின் வாழ்க்கை வழியே நகரத்தின் கதை வருகிறது. ரோமுவால்ட் கர்மக்கர் இன்னும் ஒரு படி மேலே போனார். 2017இல் வந்த அவரது படத்தின் தலைப்பு கவிஞர் ஹைன்ரிச் ஹைனேவின் வரியிலிருந்து எடுத்தது, 'இரவில் ஜெர்மனியை நினைக்கையில்' என்று பொருள்படும். வரலாறு சொல்லும் குரல் அதில் இல்லை, யார் முதலில் என்ற தகராறும் இல்லை. ரிக்கார்டோ வில்லலோபோஸ், ரோமன் ஃப்ளூகல், சோன்யா மூநியர், ஆட்டா, டேவிட் மௌஃபாங் ஆகிய ஐந்து டிஜேக்கள் வேலை செய்வதைக் கேமரா பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சில இடங்களில் அரங்கின் சத்தத்தை விட்டுவிட்டு, அடுத்த பாட்டைப் பொருத்துவதற்காக டிஜே தன் ஹெட்போனில் கேட்பதை மட்டும் நமக்குத் தருகிறார்.

புதிதாக இந்தப் பக்கம் வருபவர் 'வி கால் இட் டெக்னோ'வில் தொடங்குவது நல்லது. ஊர்ச்சண்டை எதைப் பற்றியது என்று அதில் பிடிபட்டுவிடும். பிறகு 'யுனிவர்சல் டெக்னோ', டெட்ராய்ட்டின் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்ள. 'பி-மூவி' மூன்றாவதாக இருக்கட்டும். கர்மக்கரின் படத்தைக் கடைசியில் பார்க்கலாம், தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கியில் அல்லாமல் நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு.