திகதி வரையறுத்துக் கணக்குப் பார்த்தல்

கணக்கு என்றதும், எஹலியகொடைப் பகுதித் தோட்டங்களில் வளர்ந்த எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது செக்ரோல் புத்தகமேயாகும். இடப்புறம் தொழிலாளர் பெயர். மேலே 1 முதல் 31 வரை திகதி. கட்டத்துள் அன்றைய பேர். குறுக்கே கூட்டினால் ஒருவரது மாதச் சம்பளம் தோன்றும்; நெடுக்கே கூட்டினால் ஒரு நாளின் ஆட்கணக்குத் தோன்றும். நாளுக்கொரு கட்டம் கண்முன் இருந்தமையால், அப்புத்தகத்தில் ஒரு நாள் காணாமற் போதல் அரிது.

இன்று அக்கணக்குக் கணினியுட் புகுந்துவிட்டது. கட்டங்கள் மறைந்து, ஆயிரக்கணக்கான வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாய்க் கிடக்கின்றன. எக்செல், பவர் பி.ஐ. முதலிய மென்பொருள்களிடம் ‘இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை’ என்று சொல்லி, வேண்டிய வரிகளை மட்டும் வடிகட்டி எடுத்து அறிக்கை ஆக்குகின்றனர். நம் பழைய மாணவருட் பலர் இத்தொழிலில் இருக்கின்றனர். இன்றைய மாணவரும் இதனைப் பயில்கின்றனர். தமிழாசிரியராகிய எமக்கு இங்கே என்ன வேலை என வினவலாம். ‘முதல்’, ‘வரை’ என்னும் இரு சொற்களின் பொருளிலேயே சிக்கல் கிடத்தலின் எழுதத் துணிந்தோம்.

அண்மைக்காலச் செய்தி ஒன்றைக் கொள்வோம். 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5ஆம் திகதி வெளியான வர்த்தமானி, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்கிற்று. அதில் 900 ரூபா அடிப்படைச் சம்பளம். 100 ரூபா வரவுசெலவுத்திட்ட நிவாரணப்படி. அதற்கு முன்னர், 2019ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. ஆகவே அந்த ஒரு மாதத்துள் இரு வீதங்கள். 5ஆம் திகதி வெள்ளிக்கிழமை, வேலை நாள். எக்செலில் ‘பின்னர்’ என்னும் நிபந்தனையைத் தெரிந்து 5ஆம் திகதியை இட்டால், அவ்வெள்ளிக்கிழமை புதிய வீதத்துக்குள் வராது. ‘அன்றும் அதன் பின்னரும்’ என்னும் நிபந்தனையே வேண்டும். நானூறு பேர் வேலை செய்யும் தோட்டமாயின், அந்த ஒரு சொல்லால் அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் 80,000 ரூபா குறையும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளர் தரும் நூற்றுக்கு 8உம், வேலைகொள்வோர் தரும் 12உம் அதற்கேற்பக் குறையும்.

தொடக்கத்தில் நேரும் பிழை இது. முடிவில் நேரும் பிழை இதனினும் நுண்ணியது. எக்செல் திகதியைத் திகதியாக வைத்திருப்பதில்லை. 1900ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதியை 1 எனக் கொண்டு எண்ணி வருகிறது. அவ்வெண்ணிக்கையில் 2021 மார்ச் 31 என்பது 44286. நேரம் அதன் பின்னமாகும். அன்று நண்பகலில் மடுவத்தில் நிறுத்த கொழுந்து 44286.5 எனப் பதியப்படும். நாமோ ‘31 வரை’ என்று கேட்கிறோம். இயந்திரம் அதனை 44286 வரை, அஃதாவது 31ஆம் திகதி பிறக்கும் நள்ளிரவு வரை, என்று கொள்கிறது. கடைசி நாள் முழுவதும் வெளியே நின்றுவிடும். நேரமும் சேர்த்துப் பதிந்த இடங்களில் ‘ஏப்பிரல் 1க்கு முன்னர்’ என்று கேட்பதே முறை.

மற்றொன்று, நாளும் மாதமும் இடம் மாறுதல். நாம் 05/03/2021 என எழுதினால் மார்ச் 5. அமெரிக்க முறையில் அமைத்த கணினிக்கு அது மே 3. முழு மார்ச் மாதப் பதிவையும் அத்தகைய கணினியில் ஏற்றினால் நடப்பது வேடிக்கை. 1 முதல் 12 வரையான நாள்கள் பன்னிரு மாதங்களுக்கும் சிதறிப்போகும். சரியான இடத்தில் நிற்பது மார்ச் 3 ஒன்றே. 13 முதல் 31 வரையுள்ள பத்தொன்பது நாள்களும் திகதியென்றே கொள்ளப்படாது வெறும் எழுத்தாய் நிற்கும், வடிகட்டியில் அகப்படா. இத்தனை குழப்பத்திலும் கணினி முகஞ் சுளிப்பதில்லை. கூட்டுத்தொகையை அழகாகவே அச்சிட்டுத் தரும்.

‘இன்று’, ‘இம்மாதம்’ என்று கேட்டுப் பெறும் அறிக்கைகளுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பவர் பி.ஐ. இணையச் சேவை இவற்றை உலகப் பொதுநேரப்படி கணிக்கிறது. இலங்கை நேரமோ அதற்கு ஐந்தரை மணி முந்தியது. முதலாந் திகதி விடியற்காலை 3 மணிக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் அறிக்கையைத் திறப்பவருக்கு ‘இம்மாதம்’ என்பது சென்ற மாதமாகவே தோன்றும். பஞ்சாங்கப்படி நாள் சூரிய உதயத்திற் பிறப்பதை அறிந்த நம்மவர்க்கு இது பெரிய வியப்பன்று.

இவையெல்லாம் சரியாயினும், எந்தத் திகதி என்னும் வினா எஞ்சும். 31ஆம் திகதி பறித்த கொழுந்து இரவெல்லாம் வாடி, மறுநாளே தேயிலையாகிறது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். கொழுந்தைப் பறித்த திகதியாலும் தேயிலையை ஆக்கிய திகதியாலும் வடிகட்டி, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், மாத எல்லையில் அவ்விகிதம் பொய்க்கும். மார்ச் மாத வேலைக்குச் சம்பளம் ஏப்பிரலில் வழங்கப்படுதலின், வேலைத் திகதி வேறு, கொடுத்த திகதி வேறு, கணினியில் ஏற்றிய திகதி வேறு.

வேலையிற் சேர்ந்த திகதி இன்னும் பாரதூரமானது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்தாண்டு சேவை நிறைந்தவர்க்கே பணிக்கொடை உரியது. பழைய புத்தகத்திலுள்ள 03/11 கணினியில் 11/03 ஆகிவிட்டால் சேவையிற் பல மாதங்கள் கூடும் அல்லது குறையும். குறையுமாயின், அதனை நிறுவக் கிழவி ஒருத்தி பழைய சம்பளத் துண்டுகளைத் தேடி அலையவேண்டி வரும்.

மாணவர்க்கு யாம் சொல்லும் வழி எளியது. வடிகட்டியவுடன் கூட்டுத்தொகையைப் பாராதீர். வந்த வரிகளுள் மிக முந்திய திகதி எது, மிகப் பிந்திய திகதி எது, மொத்தம் எத்தனை வரி என்னும் மூன்றையும் கணினியிடம் கேளுங்கள். பின்னர்ச் செக்ரோலின் ஒரு பக்கத்தை எடுத்து, முதல் நாளையும் கடைசி நாளையும் விரலால் தொட்டு எண்ணிப் பாருங்கள்.