புதர்க் காய்ச்சல்: அலட்சியம் வேண்டாம்

"சாதாரண காய்ச்சல்தாங்க, மழையில நனைஞ்சது" என்று சொல்லி, ஒருநாள் சம்பளம் போகுமே என்ற கவலையில் வேலைக்குப் போகிறவர்கள் நம்மவர்களில் பலர். சுங்கை ரம்பாய் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களுக்கு நாம் சொல்வது: முதலில் உடம்பைப் பாருங்கள்.

லாலான் புல்லிலும் புதரிலும் கண்ணுக்கே எளிதில் தெரியாத உண்ணிக் குஞ்சுகள் உண்டு. எலிகளின் காதில் ஒட்டி வாழும் இவை ஆளையும் கடிக்கும். கடித்தால் வலிக்காது. சுமார் 10 நாள் கழித்துக் கடும் காய்ச்சல், தலைவலி வரும். அக்குளிலோ இடுப்பிலோ சுருட்டால் சுட்டதுபோல் கறுத்த வடு இருக்கலாம், எல்லாருக்கும் இருக்காது.

கிருமி தாய் உண்ணியிடமிருந்தே குஞ்சுக்கு வருகிறது. ஆகவே எலியை ஒழித்தால் மட்டும் போதாது, புதரையும் வெட்ட வேண்டும்.

அக்காலச் செம்பனைத் தோட்டங்களில் இந்நோய் பலரை வாட்டியது. 1948-இல் கோலாலம்பூரில் டாக்டர் ஸ்மாடெல் குழுவினர் குளோராம்பெனிகால் மருந்தால் குணப்படுத்திக் காட்டினர். இன்று டாக்சிசைக்ளின் உண்டு. தாமதித்தால் நுரையீரல், மூளை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம்.

நீள்கால்சட்டை, பூட்ஸ் அணியுங்கள், புல்தரையில் படுக்காதீர்கள், வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்றுங்கள். கிளினிக்கில், "தோட்டத்துல புதர் வெட்டுறேங்க டாக்டர்" என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை உங்கள் உயிரைக் காக்கும்.