துருவாமையும் முறியாமையும்

நம் இல்லங்களில் ‘எவர்சில்வர்’ எனப் பெயர் பெற்று விளங்கும் உலோகத்தில் வெள்ளி அணுவளவும் இல்லை. இரும்பே அதன் உடல். குரோமியமே அதன் காப்பு. ஏறத்தாழ 10.5 விழுக்காடு குரோமியம் சேர்ந்துவிட்டால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடிக் கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய படலமொன்றை மேற்பரப்பில் அமைத்துக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் அப்படலம் தானே மீண்டும் மூடிக்கொள்ளும். அங்ஙனமாயின் குரோமியத்தை மேன்மேலும் சேர்த்தால் போதுமன்றோ எனின், போதாது. துருவாமை ஒன்று, அடிபட்டாலும் முறியாது தாங்கும் ஆற்றல் வேறொன்று. ஒன்றை வளர்க்க முனைந்தால் மற்றொன்று தளர்வது இவ்வுலோகத்தின் இயல்பு.

1913ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் துப்பாக்கிக் குழாய்களின் தேய்மானத்தை ஆராய்ந்த ஹாரி பிரியர்லி, 12.8 விழுக்காடு குரோமியமும் 0.24 விழுக்காடு கார்பனும் கொண்ட எஃகை உருக்கினார். அமிலத்திற்கு அது எளிதில் இரையாகவில்லை. கத்தி செய்யத் தக்கதென அவர் கண்டார். கத்தித் தொழிலாளர்களோ, வெட்டாத கத்தியைக் கண்டவர் என எள்ளினர். எள்ளியவர்களையும் முற்றக் குறை கூறுதற்கில்லை. கூர்மை நிலைக்கக் கார்பன் வேண்டும். அக்கார்பனோ குரோமியத்தைப் பற்றிக் கார்பைடாக்கிவிடும். பற்றப்பட்ட குரோமியம் காவலுக்கு உதவாது. சூடேற்றித் தோய்த்து வன்மையூட்டிய எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும். அதனைப் பதப்படுத்த மீண்டும் இளஞ்சூடு காட்ட வேண்டும். அச்சூடு 450 பாகை செல்சியசை எட்டினாலோ முறியாமையும் குன்றும், துருவாமையும் குன்றும். கத்தி செய்வோன் நடக்க வேண்டிய பாதை அத்துணைக் குறுகியது!

நிக்கல் சேர்ந்தபின் நிலை மாறியது. 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட எஃகில் அணுக்களின் அடுக்குமுறையே வேறுபடுகிறது. நிக்கலற்ற குரோமிய எஃகு கடுங்குளிரில் வெடிக்கக்கூடும்; இதுவோ கழியம் 196 பாகையிலுள்ள திரவ நைட்ரஜனையும் தாங்கி நிற்கும். ஆயினும் பற்றவைக்கும்போது ஒரு தீங்கு நேரும். பற்றின் இருமருங்கிலும் குரோமியக் கார்பைடு மணிகளின் எல்லையோரம் படிய, அவ்வோரங்கள் காப்பிழந்து அரிக்கப்படும். வெளியே பளபளக்கும் கலம் பற்றின் ஓரத்தில் பிளப்பது இதனாலேயாம். கார்பனை 0.03 விழுக்காட்டிற்குள் அடக்குவதோ, கார்பனைத் தன்பால் இழுத்துக்கொள்ளும் டைட்டானியத்தைச் சேர்ப்பதோ இதற்கு மருந்து.

காந்தத்தோடு பாத்திரக் கடைக்குச் செல்வோருக்கும் ஒரு சொல். காந்தம் ஒட்டாவிடில் உயர்ந்த சரக்கென நம்புவது வழக்கம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைப் பெய்த மலிவான எஃகிலும் காந்தம் ஒட்டாது. முறியாமையில் அது குறைந்ததன்று. ஆனால் குரோமியமும் அதில் குறைவாகவே இருத்தலின், உப்பும் புளியும் நாட்பட நின்றால் முதலில் புள்ளி விழுவது அதில்தான்.