ஆயில் சீல் மாற்றும் கருவிகள்

விருதுநகர், சிவகாசி வட்டாரங்களின் கரிசல் புழுதி, மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கிலுள்ள ஆயில் சீலைத் தேய்த்துவிடுகின்றது. கசியும் எண்ணெய் பிரேக்கில் படிந்தால் வண்டியை நிறுத்துவது அரிது.

வீட்டிலேயே சீலை மாற்ற எண்ணும் அங்கத்தினர்கள், கருவி வாங்குமுன் ஃபோர்க் குழாயின் விட்டத்தை அறிதல் வேண்டும். கிளாசிக் 350 என்னும் ஒரே பெயருடைய வண்டியிலும், முன்னையதற்கு 35 மில்லிமீட்டர். 2021-இல் வந்ததற்கு 41. விட்டம் பொருந்தாத டிரைவரால் அடித்து இறக்கினால் புதுச் சீலும் கோணலாய் அமர்ந்து கசியும். பழையதை ஸ்க்ரூடிரைவரால் முரட்டுத்தனமாய் நெம்பினால் சீல் அமரும் இடம் கீறுபடும்.

ஆலன் சாவியையும், இரு பக்கத்திற்கும் எண்ணெயை அளந்து ஊற்றும் குவளையையும் தனித்தனியே வாங்கலாம். எப்போதேனும் ஒருமுறை பயன்படும் டிரைவரை, ஒரே வகை வண்டியுடைய அங்கத்தினர் நால்வர் கூடி வாங்குதலே சிக்கனம் என்பது எமது கருத்து.